தேய்வதற்குள் மூப்படையும் டயர்: பழைய காருக்கு எதை வாங்கலாம்?

1968இல் தயாரான பீட்டில் கார் ஒன்று. டயரில் பள்ளம் இன்னும் 6 மில்லிமீட்டர் இருக்கிறது. பக்கச்சுவரில் மட்டும் மயிரிழை போல வெடிப்புகள். கடையில் கேட்டால், “இந்த அளவு இப்போது வருவதில்லை, 195/65 போட்டுத் தருகிறேன்” என்கிறார்கள். இணையத்தில் தேடினால் அசல் அச்சு டயர் இங்கிலாந்தில் கிடைக்கிறது. விலையோடு அனுப்பும் செலவையும் கூட்டினால் தலை சுற்றுகிறது. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் வேன் டயர் அதே அளவில் மலிவாகக் கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மோரிஸ் மைனர், மினி, எம்ஜிபி, மெர்சிடிஸ் 123 வைத்திருப்பவர்களும் கடைசியில் இதே முச்சந்தியில்தான் வந்து நிற்கிறார்கள்.

விலைப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் காரைப் பார்க்க வேண்டும்.

## எதையெல்லாம் வைத்துத் தீர்மானிப்பது

கார் எவ்வளவு ஓடுகிறது? சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில், 35 வயது நிறைந்த கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். நாளுக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 1,800. பத்து ஆண்டுக்கு 18,000. சாதாரண ரேடியல் டயரே (இன்றைய கார்களில் இருக்கும் வகை) இதைவிட அதிகம் ஓடும். ஆகவே இத்தகைய காருக்கு “எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும்” என்று கேட்பதில் பயனில்லை. பள்ளம் பாதிகூடத் தேயாத நிலையில் ரப்பர் இறுகிவிடும். இங்கு டயரைக் கொல்வது சாலையைவிட வெயிலும், சூடும், காற்றிலுள்ள ஓசோனும், ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்பதும்தான். வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துத் தினமும் ஓட்டும் பழைய காரின் கணக்கு வேறு. அதற்குத் தேய்மானமும் முக்கியம்.

எப்போது தயாரானது? பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் டயர் 2000க்கு முன் செய்யப்பட்டது. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். ஐந்து ஆண்டு கடந்ததும் ஆண்டுதோறும் சோதித்து, பத்து ஆண்டில் கட்டாயம் மாற்றிவிடுவது நல்லது. பழைய அளவு டயர்கள் மெதுவாக விற்பவை. கிடங்கில் நான்கு ஆண்டு கிடந்த டயரைப் புதியது என்று வாங்கினால், பத்தில் நான்கு ஆண்டை வாங்கும்போதே இழந்துவிடுகிறீர்கள். காசு கட்டுவதற்கு முன் அந்த நான்கு இலக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். உதிரியோடு சேர்த்து ஐந்து டயருக்கும் ஐந்து படம்.

ரிம் எவ்வளவு அகலம்? பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். டயரின் விட்டம் பொருந்தினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். 195/65 ஆர் 15 (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, ஆர் என்றால் ரேடியல், ரிம் 15 அங்குலம்) டயரின் விட்டம் சுமார் 634 மி.மீ. பீட்டிலின் 165/80 ஆர் 15 சுமார் 645 மி.மீ. வித்தியாசம் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. காகிதத்தில் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் 195/65 டயர் 5.5 முதல் 7 அங்குல ரிம்முக்காகச் செய்யப்பட்டது. பீட்டிலின் அசல் ரிம் 4 அல்லது 4.5 அங்குலம். குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் விளிம்புகள் உள்நோக்கி நெருக்கப்பட்டு, நடுப்பகுதி மேலே புடைக்கும். நடுவில் மட்டும் தேயும், பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளைந்து சூடேறும், வளைவில் திரும்பினால் கார் ஒரு கணம் தாமதித்தே பதில் சொல்லும். பீட்டிலுக்கு 195/65 என்று சொல்லும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ரிம் அகலத்தை விளிம்புக்கு வெளியே அளக்கக்கூடாது. டயர் அமரும் உட்புறங்களுக்கு இடையில் அளக்க வேண்டும். பெரும்பாலான ரிம்மில் ‘4½ ஜே’ என்பது போல அச்சடித்திருக்கும். துருவைச் சுரண்டினால் தெரியும்.

விட்டக் கணக்கு. அகலம் × உயர விழுக்காடு × 2, அதோடு ரிம் விட்டம் (அங்குலம் × 25.4). உயர விழுக்காடு எழுதப்படாத பழைய ரேடியலுக்கு (175 ஆர் 14 போல) 80 முதல் 82 என்று வைத்துக்கொள்ளுங்கள். அசலிலிருந்து 3 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. விட்டம் கூடினால் வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 90 என்ற வரம்புள்ள விரைவுச்சாலையில் முள் 90இல் இருக்கும்போதே கேமராவில் சிக்கலாம். குறைந்தால் அந்த ஆபத்தில்லை. பதிலாக எஞ்சின் அதிகம் சுழலும், காரின் அடிப்பகுதி தரையை நெருங்கும்.

ஈரச்சாலையில் பிடிப்பு. சிங்கப்பூரில் இதைப் பின்னுக்குத் தள்ள முடியாது. பிற்பகல் இடிமழை பத்து நிமிடத்தில் சாலையை நீர்ப்பரப்பாக்கிவிடும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய டிரம் பிரேக்கோடு ஓடும் காருக்கு டயர்தான் கடைசித் துணை. ஒரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கலாம்: குறுகிய டயர் தேங்கிய நீரில் மோசமானதன்று. எடை சிறிய பரப்பில் அழுந்துவதால் அது நீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். அதே எடையுள்ள காரில் அகல டயர் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

சுமை, வேகக் குறிகள். சுமை எண் அசலுக்குக் குறையக்கூடாது: 82 என்றால் டயருக்கு 475 கிலோ, 86 என்றால் 530, 88 என்றால் 560. வேகக் குறியில் எஸ் என்பது 180, டி 190, எச் 210 கி.மீ. இங்கே எஸ் தாராளமாகப் போதும். எச் குறிக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

## தேர்வு 1: குறுக்குநூல் டயர் (கிராஸ் பிளை)

5.60-15, 5.20-14 என்று புள்ளியும் கோடுமாக எழுதப்படும் அளவுகள் இந்த வகை. உள்ளே நூலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும். பக்கச்சுவரும் தரையைத் தொடும் பகுதியும் ஒரே உடலாக இயங்குவதால், கார் சாயும்போது தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து நெளியும். ஈரத்தில் பிடிப்பு குறைவதற்கும், சாலைக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு கார் அலைவதற்கும் அதுவே காரணம். அடுக்குகள் ஒன்றோடொன்று உரசுவதால் சூடும் அதிகம்.

அமெரிக்காவின் கோக்கர், இங்கிலாந்தின் பிளாக்லி போன்ற நிறுவனங்கள் இவற்றைப் பழைய தோற்றத்தில் இன்றும் விற்கின்றன. 1940களின் கார், 1950களின் தொடக்கக் கார் என்றால் இதற்கு நியாயம் உண்டு. அந்தக் கார்களின் ஸ்டீயரிங், ஸ்பிரிங், ரிம் எல்லாம் இந்த டயரின் மெதுவான நழுவலை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. ரேடியல் போட்டால் நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங் கனக்கும். வளைவில் ரிம்மின் மேல் விழும் பக்கவாட்டு அழுத்தமும் கூடும். பழைய ரிம்மில் போல்ட் துளைகளைச் சுற்றி நுண்வெடிப்பு இருந்தால் அப்போது அது வளரும்.

மறைந்த செலவுகள்: டியூப் தனி. நைலான் நூல் கொண்டவை ஓரிரவு நின்றாலே தரையைத் தொட்ட இடம் தட்டையாகி, காலையில் முதல் சில கிலோமீட்டர் கார் தடதடக்கும். ஒரு மாதம் நின்றால் அந்தத் தட்டை போகாமலே நின்றுவிடலாம். ஆண்டுக்கு 45 நாள் ஓடும் காருக்கு இது சிறிய குறையன்று.

கண்காட்சிக்கும் ஞாயிறு காலை உலாவுக்கும் மட்டும் வெளிவரும், ரேடியல் டயர் பரவலாவதற்கு முன் பிறந்த கார் என்றால் எடுக்கலாம். மிஷ்லின் தன் ரேடியலை 1946இல் காப்புரிமை செய்து 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970களில் பிறந்த பெரும்பாலான கார்களின் கையேட்டிலேயே ரேடியல் அளவு இருக்கிறது. அப்படியொரு காருக்குக் குறுக்குநூல் டயர் போடுவதை ஆசைக்காகச் செய்யலாம், தேவை இல்லை.

இரு வகையையும் ஒரே அச்சில் கலப்பது கூடவே கூடாது. வேறு வழியே இல்லாமல் முன்னும் பின்னும் வேறு வகை போட நேர்ந்தால் ரேடியல் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் ரேடியல் பற்றிக்கொள்ள, பின்னால் குறுக்குநூல் டயர் முந்தி நழுவினால், ஈர வளைவில் வால் முன்னால் வந்துவிடும்.

## தேர்வு 2: பழைய வடிவில் புது ரேடியல்

மிஷ்லின் தன் கிளாசிக் வரிசையில் எக்ஸ்ஏஎஸ், எக்ஸ்இசட்எக்ஸ் போன்றவற்றையும், பிரெல்லி தன் கொலேசியோனே வரிசையில் சிந்துராட்டோ சிஏ67 போன்றவற்றையும் மீண்டும் வார்த்து விற்கின்றன. விரெடெஸ்டைனின் ஸ்பிரிண்ட் கிளாசிக்கும் இந்த வகையில் சேரும். வெளித்தோற்றமும் உயரமும் அந்தக் காலத்தவை. ரப்பர் கலவை இன்றையது. பக்கச்சுவரின் வளைவும் பழைய காரின் சஸ்பென்ஷனுக்கு ஏற்ப இருக்கும். ஆகவே அந்தக் காரைச் செய்தவர்கள் நினைத்த ஓட்டத்தை மிக நெருங்கித் தருவது இந்த வகைதான். பிடிப்பு விடும்போதுகூட திடீரென விடாமல், முன்கூட்டி உணர்த்திவிட்டு விடும். ஈரத்தில் நம்பலாம்.

குறை விலை. அதைவிடப் பெரிய குறை, இங்கு இருப்பு வைத்திருப்பவர்கள் அரிது என்பது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அந்தக் கணக்கு கீழே வருகிறது. ஒரு டயர் ஆணியேறிக் கிழிந்தால் அதே இணை வந்து சேரும்வரை கார் நிற்க வேண்டியிருக்கும். எனவே நான்கு அல்ல, ஐந்தாக வாங்க வேண்டும்.

கிளாசிக் திட்டத்தில் ஓடும் 1960கள், 70களின் காருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுவே. பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு என்பதால் ஆண்டுக்குப் பங்கிட்டுப் பார்த்தால், ஸ்டீயரிங்கில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் வேறுபாட்டுக்கு அது அதிகமில்லை.

## தேர்வு 3: அதே அளவில் சாதாரண ரேடியல்

165/80 ஆர் 15, 145/80 ஆர் 10 போன்ற அளவுகளை நான்காங், மேக்சிஸ் போன்ற தைவான் நிறுவனங்கள் செய்திருக்கின்றன. அளவு சரி, ரிம் சரி, சுமை சரி, விலையும் எளியது. தோற்றம் இன்றைய காருடையது. பக்கச்சுவர் சற்று விறைப்பு. அதனால் மேடுபள்ளங்களில் உலுக்கல் கொஞ்சம் கூடும்; வளைவில் பதில் சற்று வேகமாக வரும்.

இந்த வகையில் கவனிக்க வேண்டியது ரப்பரின் குணம். நீண்ட காலம் தேயாமல் இருக்க இறுகிய கலவையில் வார்க்கப்பட்ட சில டயர்கள் ஈரத்தில் வழுக்கும். நம் கார் 18,000 கிலோமீட்டர்தான் ஓடப்போகிறது. 60,000 தாங்கும் இறுகிய ரப்பருக்காக மழைநாளின் பிடிப்பை விட்டுக்கொடுப்பது வீண். பக்கச்சுவரில் ‘திரெட்வேர்’ எண் அச்சடித்திருந்தால், எண் கூடக் கூட நீடிப்பு கூடும். இரண்டு டயர்களில் ஒன்றைத் தேர்வதானால் கிளாசிக் திட்டக் காருக்கு எண் குறைந்ததை எடுங்கள். தினமும் ஓடும் காருக்கு நடுத்தரமான எண்.

தினமும் ஓட்டுபவர்களுக்கும், காரை முதன்முதலாகச் சாலைக்குக் கொண்டுவருபவர்களுக்கும் இது பொருந்தும். சஸ்பென்ஷன் புஷ், ஸ்டீயரிங் மூட்டுகள் எல்லாம் தேய்ந்த நிலையில் விலை உயர்ந்த டயரைப் போட்டால் அது ஒரு பக்கமாகத் தின்னப்பட்டுவிடும். முதலில் இதைப் போட்டு, மற்ற வேலைகளை முடித்துக்கொண்டு, அடுத்த சுற்றில் தேர்வு 2க்குப் போகலாம்.

## தேர்வு 4: வேன் டயர்

175 ஆர் 14 சி, 165 ஆர் 13 சி, 155 ஆர் 12 சி. கடைசியில் வரும் ‘சி’ சரக்கு வாகனத்தைக் குறிக்கிறது. உயரம் பழைய கார் டயரைப் போலவே முழு உயரம். சிறு வேன்கள் இன்னும் ஓடுவதால் இங்கும் ஜோகூர் பாருவிலும் எளிதாகக் கிடைக்கும். அதனால்தான் சபலம்.

175 ஆர் 14 சி எட்டடுக்கு டயரின் சுமை எண் 99 அளவில் இருக்கும். டயருக்கு 775 கிலோ. மெர்சிடிஸ் 123க்குத் தேவை 88, அதாவது 560. “கூடுதல் வலு நல்லதுதானே” என்று தோன்றும். இந்த டயர் அதிகச் சுமையையும் உயர்ந்த காற்றழுத்தத்தையும் எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. இலகுவான காரில் 28, 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அதன் விறைத்த உடல் சாலைக்கு ஏற்ப வளையாது. பழைய காரின் மென்மையான ஓட்டம் போய்விடும். ஈரத்தில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். பழைய வேனும் பிக்கப்பும் வைத்திருப்பவர்களுக்கு இது சரியான டயர். காருக்கு வேண்டாம்.

## தேர்வு 5: நெருங்கிய புதிய அளவுக்கு மாறுவது

ரிம்மும் விட்டமும் இரண்டும் ஒத்துவந்தால் இது மோசமான வழியன்று. சில பொருத்தங்கள்:

175 ஆர் 14 (சுமார் 636 மி.மீ.) → 185/70 ஆர் 14 (615 மி.மீ.). 3.3 விழுக்காடு சிறியது. மெர்சிடிஸ் 123இன் 5.5 அங்குல ரிம்மில் நன்றாக அமரும். முள் 90 காட்டும்போது உண்மை வேகம் 87. நாங்கள் சொன்ன 3 விழுக்காட்டை லேசாகத் தாண்டினாலும் ஏற்கலாம். அதே காரின் பெரிய எஞ்சின் வகைகளுக்குத் தொழிற்சாலையே போட்ட 195/70 ஆர் 14 (629 மி.மீ.) விட்டத்தில் இன்னும் நெருக்கம், அதற்கு 6 அங்குல ரிம் பொருத்தம்.

175 ஆர் 14 → 185/65 ஆர் 14 (596 மி.மீ.). 6 விழுக்காட்டுக்கு மேல் சிறியது. கார் 2 சென்டிமீட்டர் தாழும், எஞ்சின் ஏறக்குறைய 6.5 விழுக்காடு கூடுதலாகச் சுழலும், மட்கார்டுக்குள் டயர் தொலைந்துபோனது போலத் தெரியும். கடைகளில் சட்டென்று நீட்டப்படும் அளவு இது. மறுத்துவிடுங்கள்.

155 ஆர் 13 → 175/70 ஆர் 13 (575 மி.மீ.). ரிம் 4.5 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் நல்ல பொருத்தம். புரோட்டோன் சாகா போன்ற பழைய மலேசியக் கார்கள் 13 அங்குல ரிம்மில் ஓடியவை என்பதால் இந்தக் குடும்பத்து அளவுகளைப் பாலத்துக்கு அப்பால் தேடுவது சுலபம்.

மினியின் 145/80 ஆர் 10 (486 மி.மீ.) → 165/70 ஆர் 10 (485 மி.மீ.). விட்டம் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் மினியின் அசல் இரும்பு ரிம் 3.5 அங்குலம், 165/70க்கு 4.5 அங்குலமாவது வேண்டும். ரிம் மாற்றினால்தான் இந்த வழி. மாற்றியபின் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தக்கூடாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பின் இருக்கையில் இருவரை உட்காரவைத்து, எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

ரிம் மாற்றுவோருக்கு ஒரு வேண்டுகோள்: அசல் ரிம்களைத் தூக்கி எறியாதீர்கள். துடைத்து, மெழுகு தடவி, உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். காரை ஒருநாள் விற்க நேர்ந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | ஈரப் பிடிப்பு | அசல் தோற்றம் | கிடைப்பது | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| குறுக்குநூல் | குறைவு | முழுமை | வெளிநாடு | டியூப், தட்டையாதல் | 1950களின் தொடக்கம் வரையிலான காட்சிக் கார் |
| பழைய வடிவ ரேடியல் | நன்று | மிக நெருக்கம் | வெளிநாடு | அனுப்பும் செலவு, ஐந்தாவது டயர் | கிளாசிக் திட்டக் கார் |
| அதே அளவு சாதாரண ரேடியல் | டயருக்கு டயர் மாறும் | சுமார் | ஓரளவு உள்ளூர் | பழைய இருப்பு | தினசரிக் கார், சீரமைப்பில் உள்ள கார் |
| வேன் டயர் | குறைவு | சுமார் | எளிது | ஓட்டச் சுகம் போகும் | பழைய வேன், பிக்கப் |
| புதிய அளவு | நன்று | குறைவு | எளிது | ரிம், உரசல், வேகமானி | 13, 14 அங்குல ரிம் கொண்ட தினசரிக் கார் |

## எங்கே வாங்குவது, உண்மையில் எவ்வளவு ஆகும்

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரவழைத்தால், தராசு காட்டும் எடைக்குப் பணம் வாங்கமாட்டார்கள், இடத்துக்கு வாங்குவார்கள். நீளம் × அகலம் × உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது விரைவு அஞ்சல் நிறுவனங்களின் வழக்கம். 165 ஆர் 15 டயர் ஒன்று 65 × 65 × 17. வகுத்தால் 14.4 கிலோ. உண்மை எடையோ எட்டு கிலோ அளவுதான். ஐந்து டயருக்கு 40 கிலோ என்று நினைத்திருப்பீர்கள். சீட்டில் 72 கிலோ இருக்கும். கடல்வழி மலிவு, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். ஒருவருக்கு மட்டும் வரவழைத்தால் துறைமுகக் கட்டணங்கள் அந்த லாபத்தைத் தின்றுவிடும். ஒரே வகைக் கார் வைத்திருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து இருபது டயராக வரவழைப்பதே புத்திசாலித்தனம்.

வந்து சேர்ந்ததும் பொருள், சேவை வரி 9 விழுக்காடு. அது டயரின் விலைக்கு மட்டுமன்று, அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்கு. எடுத்துக்காட்டாக டயர்கள் 1,500 சிங்கப்பூர் வெள்ளி, அனுப்ப 600 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் வரி 189 வெள்ளி, மொத்தம் 2,289. டியூபும் பொருத்துகூலியும் இன்னும் சேரவில்லை.

ஜோகூர் பாருவில் வாங்குவதானால் பழைய காரையே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் பழைய ரேடியேட்டர் கொதித்துவிடும். தினசரிக் காரில் ரிம்களை மட்டும் ஏற்றிச் சென்று டயர் மாற்றி வரலாம். அந்தக் காருக்கு மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியும் முக்கால் டாங்க் பெட்ரோலும் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் திரும்பும் சிங்கப்பூர்வாசிக்கு வரிவிலக்கு 100 வெள்ளி வரைதான். அதற்கு மேற்பட்டதைச் சுங்கத்தில் அறிவித்து வரி கட்டிவிடுங்கள். அதையும் செலவில் சேர்த்துத்தான் எது மலிவு என்று பார்க்க வேண்டும்.

உள்ளூரில் காக்கி புக்கிட், சின் மிங், உபி வட்டாரங்களில் கேட்கும்போது “இந்த அளவு இருக்கிறதா” என்பதோடு நிறுத்தாமல், “என் ரிம்மை உங்கள் பேலன்சிங் எந்திரத்தில் பிடிக்க முடியுமா” என்றும் கேளுங்கள். 1960களின் பெரும்பாலான பீட்டில் ரிம்மில் போல்ட் வட்டம் 205 மி.மீ., நடுத்துளை மிகப் பெரியது. அதைப் பிடிக்கும் தனித்தட்டு எல்லாக் கடையிலும் இருக்காது. கம்பிச் சக்கரத்துக்கும் தனிக் கூம்புகள் வேண்டும். ஒரு பக்கமாகப் பிடித்துப் பேலன்ஸ் செய்தால், புது டயரும் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை நடுக்கும். குறை டயர் மேல் விழும்.

## பொருத்தும்போது கெட்டுப்போகும் இடங்கள்

பழைய ரிம்கள் பலவற்றில் டயரின் விளிம்பை இடம் நகராமல் பிடித்துவைக்கும் உள்மேடு இல்லை. கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியின் அடியும் காற்று கசியும் வழி. இரண்டிலும் டியூப் வேண்டும். ரேடியலுக்கு உரிய, சரியான அளவு டியூப். பெரிதானால் உள்ளே மடிந்து அந்த மடிப்பில் தேயும். சிறிதானால் இழுபட்டு மெலியும். டயருக்குள் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டுகளைச் சுரண்டி எடுக்காமல் விட்டால், சில நூறு கிலோமீட்டரில் அவையே டியூபை உரசித் துளையிட்டுவிடும். முகப்பூச்சுத் தூள் தூவி, டியூபைச் சற்று ஊதி உருண்டையாக்கி உள்ளே வைத்து, முழு அழுத்தம் ஏற்றி, முழுவதும் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். இடையில் இறக்குவதால்தான் சுருக்கங்கள் விரியும். டியூபில் ஆணி ஏறினால் காற்று ஒரேயடியாகப் போகும், டியூப் இல்லாத டயர் போல மெல்ல இறங்காது. ஆகவே கம்பிச் சக்கரத்தில் கம்பி முனைகளை மூடும் ரப்பர்ப் பட்டையை மாற்ற மறக்காதீர்கள்.

வால்வுத் துளை 11.5 மி.மீ. என்றால் டிஆர்13, 16 மி.மீ. என்றால் டிஆர்15. பெரிய துளையில் சிறிய வால்வைப் போட்டால் அது ஆடி ஆடி அடியில் அறுந்துவிடும்.

ரிம்முக்கு வண்ணம் பூசுவதானால் டயரை மாற்றும் இதே நேரத்தில் செய்துவிடலாம். ஆனால் போல்ட் அமரும் கூம்பு இடங்களில் தடித்த பவுடர் பூச்சு இருக்கக்கூடாது. சூட்டிலும் அழுத்தத்திலும் பூச்சு நசுங்கினால், இறுக்கிய போல்ட் தானாகத் தளரும். அந்த இடங்களை மூடிவிட்டுப் பூசச் சொல்லுங்கள். எப்படியும் 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

குறுக்குநூலிலிருந்து ரேடியலுக்கு மாறினால் காற்றழுத்தமும் மாற வேண்டும். பீட்டில் கையேட்டில் 5.60-15க்கு முன்னால் 16, பின்னால் 24 பிஎஸ்ஐ. ரேடியலுக்கு 18, 27. முன்பக்கம் இவ்வளவு குறைவா என்று திகைத்து நான்கிலும் 32 ஏற்றும் கடைகள் உண்டு. எஞ்சின் பின்னால் இருக்கும் காரில் முன்னும் பின்னும் உள்ள இந்த இடைவெளிதான் காரை நேராக வைத்திருக்கிறது. கடையிலிருந்து புறப்படும் முன் நீங்களே அளந்து பாருங்கள். முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவையும் (டோ-இன்) ரேடியலுக்குச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டரை மழையில்லாத நாளில், அவசரமில்லாமல் ஓட்டுங்கள்.

நிறுத்தி வைக்கும் காலத்தில் வழக்கமான அழுத்தத்தைவிட 5 முதல் 10 பிஎஸ்ஐ கூட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரைக் கால் சுற்று நகர்த்தினால் தட்டையாவது குறையும். ஓட்டும் முன் கூட்டியதை இறக்கிவிட வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஓரத்து இடத்தைவிட உள்பக்க இடம் நல்லது. மாலை வெயில் ஒரே பக்கத்து இரு டயர்களை மட்டும் ஆண்டு முழுதும் சுடும். பளபளப்புக்குப் பூசும் எண்ணெய் கலந்த திரவங்களை விட்டுவிடுங்கள். சவர்க்காரத் தண்ணீரும் துணியும் போதும். வெள்ளைப் பக்கச்சுவர் வேண்டுமென்றால் வார்ப்பிலேயே வெள்ளை உள்ள டயரை வாங்குங்கள். மேலே செருகும் வெள்ளை வளையத்துக்கு அடியில் மழைநீரும் மணலும் புகுந்து பக்கச்சுவரை அராவிவிடும்.

## காருக்குக் கார்

பீட்டில், கிளாசிக் திட்டம்: 165 ஆர் 15 அல்லது 155 ஆர் 15 பழைய வடிவ ரேடியல், டியூபோடு. பணம் இடம் தராவிட்டால் 165/80 ஆர் 15 சாதாரண ரேடியல்.

மோரிஸ் மைனர்: 5.20-14 அசல்; சாலையில் ஓட்ட 145 ஆர் 14 ரேடியல் மேலானது. ரிம்மில் வெடிப்பு உண்டா என்று வண்ணம் நீக்கிப் பார்த்தபிறகே.

மினி, 10 அங்குலம்: அசல் ரிம்மோடு 145/80 ஆர் 10. ரிம் மாற்றியவர்களுக்கு மட்டும் 165/70.

எம்ஜிபி, கம்பிச் சக்கரம்: 155 அல்லது 165 ஆர் 14 பழைய வடிவ ரேடியல், டியூபும் கம்பிப் பட்டையும் சேர்த்து. 185/65 ஆர் 14க்குக் குறைந்தது 5 அங்குல ரிம் வேண்டும்; எம்ஜிபியின் கம்பிச் சக்கரம் 4.5தான்.

மெர்சிடிஸ் 123, தினசரி: 185/70 ஆர் 14, நடுத்தர நீடிப்பு, ஈரப் பிடிப்புக்குப் பெயர்பெற்ற தயாரிப்பு. கிளாசிக் திட்டத்துக்கு மாறும்போது 175 ஆர் 14க்குத் திரும்பலாம்.

எந்தக் காரானாலும் டிக்கியைத் திறந்து ஐந்தாவது டயரின் நான்கு இலக்கத்தைப் படித்துவிடுங்கள். ஓடும் நான்கையும் மாற்றிவிட்டு, தொண்ணூறுகளில் வாங்கிய உதிரி டயரை அப்படியே விட்டுவைத்திருக்கும் கார்கள் ஏராளம். தீவு விரைவுச்சாலையின் ஓரத்தில், மழையில், அந்த டயரைத்தான் போட்டு ஓட்டவேண்டி வரும்.